சர்க்கரை கூடினாலும் சோறு குறைந்தாலும் காசநோய்க் கிருமிக்குக் கொண்டாட்டம்: ஏன்?

உறையூரில் ஒருவருக்கு மூன்று வாரமாக விடாத இருமல். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்கோ போகிறார் என்று வைத்துக்கொள்வோம். சளிப் பரிசோதனையில் காசநோய் உறுதியாகிறது. மாத்திரை தொடங்கும்போதே இரண்டு விஷயங்கள் நடக்கும். எடை மெஷினில் ஏறச் சொல்வார்கள். ரத்தம் எடுத்து சுகர் பார்ப்பார்கள்.

'இருமலுக்கு வந்தா எதுக்கு சுகர் டெஸ்ட்?' என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். அதற்கான பதில், கடந்த 15 ஆண்டுகளில் மருத்துவ அறிவியலில் வேகமாக வளர்ந்துவரும் ஒரு துறையில் இருக்கிறது. நாம் சாப்பிடும் உணவை உடல் எப்படி எரிக்கிறது என்பதும், கிருமியை உடல் எப்படி எதிர்க்கிறது என்பதும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன என்கிறது அந்தத் துறை. இந்த உறவு தமிழ்நாட்டில் தெளிவாகத் தெரிவது காசநோயில்தான். சர்க்கரை நோயும் சத்துக்குறைவும் ஒரே தெருவில், சில சமயம் ஒரே வீட்டில் இருக்கும் மாநிலம் இது.

போருக்கும் பட்ஜெட் உண்டு

நோய் எதிர்ப்பு என்றதும் பலரும் அதை ஏதோ ஒரு 'பவர்' என்று நினைக்கிறோம். உண்மையில் அது செல்கள் செய்யும் வேலை. வேலை என்றால் கூலி உண்டு. இங்கே கூலி என்பது எரிபொருள்.

ஆரோக்கியமான ஒருவரின் எலும்பு மஜ்ஜை, நியூட்ரோபில் எனப்படும் ஒரே ஒரு வகை வெள்ளை அணுவை மட்டும் ஒரு நாளைக்குச் சுமார் 10,000 கோடி என்ற கணக்கில் உருவாக்குகிறது. நோய் எதுவும் இல்லாத சாதாரண நாளிலேயே இவ்வளவு. பாக்டீரியா உள்ளே வந்துவிட்டால் உற்பத்தி இன்னும் கூடும். காய்ச்சல் வந்தால் செலவு மேலும் ஏறும். உடல் வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் கூடும்போது உடலின் எரிபொருள் தேவை சுமார் 10 முதல் 13 சதவீதம் அதிகரிக்கிறது. ரெண்டு நாள் காய்ச்சலில் படுத்தவர் மூன்றாம் நாள் எழுந்ததும் கால் தள்ளாடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உடல் இந்தச் செலவைச் சமாளிக்கும் விதம்தான் வளர்சிதை மாற்றம். சாப்பாட்டை உடைத்து ஆற்றலாக்குவது, அந்த ஆற்றலையும் மூலப்பொருளையும் வைத்துப் புதியவற்றைக் கட்டுவது என எல்லாம் இதில் அடங்கும். 'சாப்பிட்டால் தெம்பு' என்ற அளவில் இது முடிந்துவிடுவதில்லை. எந்த செல் எந்த எரிபொருளை எந்த வழியில் எரிக்கிறது என்பதை வைத்தே அந்த செல் சண்டைக்குப் போகுமா, சமாதானம் பேசுமா என்பதும் முடிவாகிறது.

டவுன் பஸ்ஸா, ஆட்டோவா?

சத்திரம் பேருந்து நிலையத்தில் இருந்து உறையூர் போக டவுன் பஸ் சிக்கனம். ஆனால், வீட்டில் யாருக்காவது நெஞ்சுவலி என்று போன் வந்தால் பஸ்ஸுக்குக் காத்திருப்போமா? ஆட்டோவைப் பிடித்து ஓடுவோம். காசு கூடத்தான் போகும், ஆனால் அப்போது நேரம்தான் முக்கியம்.

நம் செல்களுக்கும் இப்படி இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற உறுப்பில் ஆக்சிஜனைப் பயன்படுத்தி குளுக்கோஸை முழுமையாக எரிப்பது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறில் இருந்து சுமார் 30 அலகு ஆற்றல் கிடைக்கும். ரொம்ப சிக்கனம், ஆனால் நிதானம். இரண்டாவது, குளுக்கோஸைப் பாதியில் உடைத்து விட்டுவிடுவது. இதன் பெயர் கிளைகாலிசிஸ். கிடைப்பது வெறும் 2 அலகு. பெரும் விரயம், ஆனால் படுவேகம்.

ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்போதும் புற்றுநோய் செல்கள் இந்த விரயமான வழியையே பிடித்துத் தொங்குவதை 1920களில் ஜெர்மனி விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் கவனித்தார். செல் சுவாசம் குறித்த ஆய்வுக்காக 1931இல் நோபல் பரிசும் பெற்றார். பல பத்தாண்டுகள் கழித்து, கிருமியைப் பார்த்த எதிர்ப்பு செல்களும் இதையே செய்கின்றன என்பது விரிவாகத் தெரியவந்தது.

மேக்ரோபேஜ் என்பது கிருமிகளை அப்படியே விழுங்கும் காவல் செல். நுரையீரல், கல்லீரல், தோல் என எல்லா இடங்களிலும் பணியில் இருக்கும். அமைதிக் காலத்தில் அது பஸ்ஸில் போகும். பாக்டீரியாவின் தோலில் உள்ள ஒரு மூலக்கூறு தட்டுப்பட்டதும் ஆட்டோவுக்கு மாறிவிடும். குளுக்கோஸை வாரி வாரி உள்ளே இழுக்கும்.

ஏன் இந்த விரயம்? வேகம் ஒரு காரணம். இன்னொன்று, பாதியில் உடைந்த குளுக்கோஸ் துண்டுகள் கட்டுமானப் பொருளாகவும் பயன்படுகின்றன. கிருமியைக் கொல்லும் ரசாயனங்களைத் தயாரிக்கத் தேவையான ஒரு துணைப்பொருளும் குளுக்கோஸ் பிரியும் ஒரு கிளைப்பாதையில்தான் கிடைக்கிறது. அதை வைத்து நியூட்ரோபில்கள் தயாரிக்கும் ஆயுதங்களில் ஒன்று ஹைப்போகுளோரஸ் அமிலம். மழை வெள்ளம் வடிந்ததும் மாநகராட்சி ஊழியர்கள் தெருவில் தூவும் பிளீச்சிங் பவுடர் கிருமியைக் கொல்வதும் இதே பொருளால்தான்.

அடுப்புச் சாம்பலே ஆயுதம்

இந்தத் துறையின் சுவாரசியமான பகுதி இனிதான் வருகிறது. எரிபொருள் மாறும்போது, செல்லுக்குள் சில இடைப்பொருள்கள் தேங்குகின்றன. அவை வெறும் கழிவு என்றுதான் முன்பு நினைத்தார்கள்.

2013இல் அயர்லாந்தின் டப்ளின் டிரினிட்டி கல்லூரியைச் சேர்ந்த லூக் ஓநீல் குழு, தேங்கும் பொருள்களில் ஒன்றான சக்சினேட், அபாயச் சங்கு போல வேலை செய்வதைக் காட்டியது. அது குவிந்தால், காய்ச்சலையும் அழற்சியையும் தூண்டும் ஒரு புரதம் அதிகமாகச் சுரக்கிறது. அதாவது, பாடப்புத்தகத்தில் வெறும் 'ஆற்றல் சுழற்சி'யின் ஒரு படியாக நாம் மனப்பாடம் செய்த பொருள், உண்மையில் ஒரு கட்டளை.

அதே 2013இல் இட்டகோனேட் என்ற இன்னொரு பொருள் கவனத்துக்கு வந்தது. மேக்ரோபேஜ் இதைத் தானே தயாரிக்கிறது. கொழுப்பை மட்டும் தின்று வாழும் நிலைக்குத் தள்ளப்பட்ட பாக்டீரியாக்கள், அந்தக் கொழுப்பைப் பயன்படுத்த ஒரு நொதியை நம்பியிருக்கின்றன. இட்டகோனேட் அந்த நொதியை முடக்கிவிடும். எதிரியின் சமையலறைக்குப் பூட்டுப் போடுவது மாதிரி. அதோடு, சண்டை எல்லை மீறிப் போகாமல் செல்லின் அழற்சியைத் தணிக்கும் வேலையையும் அது செய்கிறது என்பது பின்னர் தெரிந்தது.

சங்கு ஊதவும் ஒரு பொருள், சங்கை நிறுத்தவும் ஒரு பொருள். இரண்டுமே ஒரே அடுப்பில் இருந்து வருகின்றன. அடுப்பு கோளாறானால் சங்கும் கோளாறாகும். சர்க்கரை நோயில் நடப்பதைப் புரிந்துகொள்ள இது முக்கியம்.

காசநோய்க் கிருமி மட்டும் ஏன் இவ்வளவு கெட்டிக்காரன்?

காசநோய்க்குக் காரணமான பாக்டீரியாவை 1882 மார்ச் 24 அன்று ராபர்ட் கோச் உலகுக்கு அறிவித்தார். மற்ற பாக்டீரியாக்களோடு ஒப்பிட்டால் இது மகா சோம்பேறி. குடலில் வாழும் ஈ.கோலை சாதகமான சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். இதுவோ சுமார் 20 மணி நேரம் எடுத்துக்கொள்ளும்.

இந்தச் சோம்பேறித்தனத்திலும் ஒரு தந்திரம் இருக்கிறது. தன்னை விழுங்கிய மேக்ரோபேஜுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும் கிருமி இது. அங்கே இருந்துகொண்டு, நம் செல்லின் கொழுப்பையும் கொலஸ்ட்ராலையும் தின்றே வாழும். உலக மக்கள்தொகையில் சுமார் நான்கில் ஒரு பங்கினருக்கு இந்தக் கிருமித் தொற்று ஏற்பட்டிருக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களில் 5 முதல் 10 சதவீதத்தினருக்குத்தான் வாழ்நாளில் எப்போதாவது நோயாக வெளிப்படும். மற்றவர்களின் உடல் அதைப் பூட்டி வைத்துவிடுகிறது.

அப்படியென்றால் கேள்வி இதுதான்: பூட்டு யாருக்குத் திறக்கிறது? ஹெச்.ஐ.வி. இருப்பவர்களுக்கு, வயதானவர்களுக்கு, புகைப்பவர்களுக்கு, குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு. இவர்களோடு, சர்க்கரை நோயாளிகளுக்கும் சத்துக்குறைவு உள்ளவர்களுக்கும்.

ரத்தத்தில் சர்க்கரை அதிகம் என்றால், எரிபொருளும் அதிகம்தானே?

இதுவரை படித்தவர்களுக்கு இந்தச் சந்தேகம் வந்திருக்கும். எதிர்ப்பு செல்கள் குளுக்கோஸை எரித்துத்தான் சண்டை போடுகின்றன என்றால், ரத்தத்தில் குளுக்கோஸ் நிரம்பி வழியும் சர்க்கரை நோயாளிக்கு எதிர்ப்பாற்றல் கூடத்தானே வேண்டும்?

நடப்பது நேர்மாறாக. சர்க்கரை நோய் இருப்பவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு, இல்லாதவர்களைவிடச் சுமார் மூன்று மடங்கு அதிகம்.

முதல் கோளாறு தாமதம். சர்க்கரை நோய் உள்ள எலிகளில் செய்த ஆய்வுகளில், நுரையீரலுக்குள் வந்த கிருமியைப் பற்றிய தகவல் நிணநீர் முடிச்சுகளுக்குப் போய்ச் சேரவே தாமதமானது. சங்கு லேட்டாக ஊதியது. அதற்குள் கிருமி பெருகிவிட்டது.

இரண்டாவது கோளாறு அளவு மீறுவது. சென்னையில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தில் சுபாஷ் பாபு தலைமையில் நடந்த ஆய்வுகள் இதில் முக்கியமானவை. கிருமி உறங்கும் நிலையில் இருக்கும்போது, சர்க்கரை நோயாளிகளின் எதிர்ப்பு சமிக்ஞைகள் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தன. ஆனால், நோய் வெளிப்பட்ட பிறகு அதே சமிக்ஞைகள் மற்ற காசநோயாளிகளைவிட அதிகமாக இருந்தன. சத்தம் அதிகம், பலன் குறைவு. அந்தச் சத்தத்தில் நுரையீரலும் சேதமாகிறது.

மூன்றாவது, விரயம். குளுக்கோஸ் அளவுக்கு மீறி செல்லுக்குள் போனால், அதை வேறு பொருளாக மாற்றும் ஒரு பக்கவாட்டுப் பாதை திறந்துகொள்கிறது. கிருமியைக் கொல்லும் ரசாயனத்துக்குத் தேவையான அதே துணைப்பொருளை அந்தப் பாதை தின்றுவிடுகிறது. பெட்ரோல் டேங்க் நிரம்பி வழிகிறது, ஆனால் இன்ஜினுக்குப் போக வேண்டியது தரையில் கொட்டுகிறது என்று சொல்லலாம்.

காசநோயோடு இது நிற்பதில்லை. காலில் ஆறாத புண், திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த் தொற்று என்று சர்க்கரை நோயாளிகள் அனுபவிக்கும் பல தொல்லைகளின் பின்னணியும் இதுவே. ஈர மண்ணிலும் சேற்றிலும் வாழும் ஒரு பாக்டீரியாவால் வரும் மீலியாய்டோசிஸ் என்ற நோயில், பாதிக்கப்படுவோரில் பாதிக்கும் மேற்பட்டோர் சர்க்கரை நோயாளிகளே.

தமிழ்நாட்டுக்கு இது ஏன் பெரிய விஷயம்? 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. மேலும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோய். 2012இல் தமிழ்நாட்டில் 827 காசநோயாளிகளிடம் நடத்திய ஆய்வில் சுமார் 25 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோயும், கிட்டத்தட்ட அதே அளவினருக்கு அதன் முந்தைய நிலையும் இருந்தன. இரண்டையும் சேர்த்தால், காசநோயாளிகளில் இரண்டு பேரில் ஒருவருக்குச் சர்க்கரை சரியில்லை. சுகர் டெஸ்ட் எதுக்கு என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

உறையூர் சுருட்டும் நுரையீரலும்

கைத்தறிக்குப் பெயர்போன உறையூருக்கு இன்னொரு அடையாளம் சுருட்டு. 'திருச்சினாப்பள்ளி சுருட்டு' என்ற பெயரில் கடல் கடந்து போனது. 1887இல் வெளியான முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலேயே, கொலை நடந்த இடத்தில் கிடந்த சாம்பலைப் பார்த்து இது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று துப்பறிவாளர் சொல்லிவிடுவார்.

புகைப்பவர்களுக்குக் காசநோய் அபாயம் சுமார் இரண்டு மடங்கு என்பது பழைய செய்தி. ஏன் என்பதற்கு எரிபொருள் கோணத்தில் ஒரு விடை 2018இல் கிடைத்தது. டப்ளின் ஆய்வாளர்கள், சிகரெட் புகைப்பவர்களின் நுரையீரலில் இருந்து மேக்ரோபேஜ்களை எடுத்து, காசநோய்க் கிருமியின் முன் வைத்துப் பார்த்தார்கள். புகைக்காதவர்களின் செல்கள் உடனே ஆட்டோ பிடித்தன. அதாவது, கிளைகாலிசிஸ் வேகமெடுத்தது. புகைப்பவர்களின் செல்களால் அப்படி வேகமெடுக்க முடியவில்லை. அவசரத்துக்கு என்று வைத்திருக்க வேண்டிய ஆற்றல் இருப்பே அவற்றில் குறைந்திருந்தது. சுருட்டு, பீடி, சிகரெட் எதுவானாலும் புகை போய்ச் சேருவது இந்தக் காவல் செல்களின் வாசலுக்குத்தான்.

சோறு குறைந்தால்? சென்னை சொன்னதும் ஜார்க்கண்ட் சொன்னதும்

இப்போது தராசின் மறுதட்டு. உணவு போதாத உடலில் என்ன நடக்கிறது?

உடலில் கொழுப்பு குறைந்தால் லெப்டின் என்ற ஹார்மோன் குறையும். 'கையிருப்பு இருக்கிறதா' என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோன் இது. டி செல்கள் எனப்படும் எதிர்ப்பு அணுக்களும் இதே செய்தியைக் கேட்கின்றன. லெப்டின் குறைந்தால் அவை குளுக்கோஸை உள்ளே இழுப்பதைக் குறைத்துக்கொள்ளும். வீட்டில் வருமானம் குறைந்தால் முதலில் செலவுகளைச் சுருக்குகிறோம் இல்லையா? உடலும் அப்படித்தான், எதிர்ப்புச் செலவைச் சுருக்கிவிடுகிறது. பட்டினி போட்ட எலிகளுக்கு லெப்டின் கொடுத்தபோது எதிர்ப்பாற்றல் மீண்டதை 1998இலேயே காட்டியிருக்கிறார்கள்.

ஆனால் காசநோய் சிகிச்சையில் உணவின் இடம் பற்றி நீண்ட காலம் ஒரு குழப்பம் இருந்தது. அதன் தொடக்கம் சென்னையில்தான். 1956இல் சென்னையில் காசநோய் மருந்து ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் வாரிசுதான். அக்காலத்தில் காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் ஓய்வு, நல்ல காற்று, ஊட்டமான சாப்பாடு. சென்னை மையம் 193 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கியது. ஒரு பிரிவு சானடோரியத்தில். இன்னொரு பிரிவு, நெரிசலான வீடுகளில் எளிய சாப்பாட்டோடு, அதே மாத்திரைகளோடு. 1959இல் வெளியான முடிவு உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது: இரண்டு பிரிவிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு குணம்.

ஏழை நாடுகளில் லட்சக்கணக்கானோர் வீட்டிலிருந்தே சிகிச்சை பெற வழி திறந்த ஆய்வு அது. அதன் பெருமை குறையாது. ஆனால், 'மருந்து ஒழுங்கா சாப்பிட்டா போதும், சாப்பாடு பெரிய விஷயம் இல்ல' என்ற எண்ணமும் அதன் நிழலாகவே பரவிவிட்டது.

அந்த எண்ணத்தை 2023 ஆகஸ்டில் வெளியான 'ரேஷன்ஸ்' ஆய்வு மாற்றியது. அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகிய மருத்துவர்கள் தலைமையில் ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில், சென்னை நிறுவனத்தின் பங்களிப்போடு நடந்த ஆய்வு இது. 2,800 நோயாளிகளுக்கு மருந்தோடு தினமும் 1,200 கலோரியும் 52 கிராம் புரதமும் தரும் உணவுப் பொருள்கள் கொடுக்கப்பட்டன. அவர்களின் வீடுகளில் இருந்த 10,345 பேரில், ஒரு பிரிவினருக்கு மட்டும் மாதம் 5 கிலோ அரிசியும் 1.5 கிலோ பருப்பும் தரப்பட்டன.

விளைவு: அரிசி, பருப்பு கிடைத்த குடும்பத்தினரில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. மற்றவர்களுக்குப் பரவக்கூடிய நுரையீரல் காசநோய் 48 சதவீதம் குறைந்தது. தடுப்பூசி கிடையாது, புது மாத்திரை கிடையாது. ரேஷன் கடைப் பொருள்கள்தான். நோயாளிகளிலும், முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்களுக்கு இறப்பு அபாயம் சுமார் 60 சதவீதம் குறைவாக இருந்தது. 40 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 5 சதவீதம் என்பது வெறும் 2 கிலோ.

1959ஆம் ஆண்டு ஆய்வும் 2023ஆம் ஆண்டு ஆய்வும் மோதிக்கொள்கின்றனவா? இல்லை. கேள்விகள் வேறு. கிருமியைக் கொல்வது மருந்து. அதில் சென்னை ஆய்வு சொன்னது சரி. ஆனால் யாருக்கு நோய் வெளிப்படும், முதல் சில வாரங்களை யார் தாண்டுவார்கள் என்பதை முடிவு செய்வதில் உணவுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

இந்த அறிவு தமிழ்நாட்டில் ஒரு திட்டமாகவே நடைமுறையில் இருக்கிறது. 2022 ஏப்ரலில், சென்னை நீங்கலாக மற்ற மாவட்டங்களில் 'தமிழ்நாடு காசநோய் இறப்பில்லா திட்டம்' தொடங்கியது. காசநோய் உறுதியானதும் எடை, உயரம், சுவாச எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, கால் வீக்கம், பிடிமானமின்றி நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். உடல் நிறைக் குறியீடு 14க்கு மேல் போகாதவர்கள், அதாவது 160 செ.மீ. உயரத்துக்கு 36 கிலோ கூட இல்லாதவர்கள், மிகக் கடுமையான சத்துக்குறைவு என்ற கணக்கில் உடனே மருத்துவமனையில் சேர்க்கப்பட வேண்டும். காசநோய் இறப்புகளில் பெரும்பங்கு முதல் இரண்டு மாதங்களில் நிகழ்வதால், எடை மெஷின் இங்கே உயிர்காக்கும் கருவி.

காய்ச்சலுக்குப் பட்டினி நல்லதா?

'லங்கணம் பரம ஔஷதம்' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். காய்ச்சல் வந்தால் பசி போவது மனிதருக்கும் விலங்குக்கும் பொது. 2016இல் யேல் பல்கலைக்கழகத்தின் ருஸ்லான் மெட்ஜிடோவ் குழு இதை எலிகளில் சோதித்தது. லிஸ்டீரியா என்ற பாக்டீரியா தொற்றிய எலிகளுக்கு வலுக்கட்டாயமாக உணவு கொடுத்தபோது அதிகம் இறந்தன. குற்றவாளி குளுக்கோஸ். இன்ஃபுளூயன்சா வைரஸ் தொற்றிய எலிகளிலோ குளுக்கோஸ்தான் காப்பாற்றியது.

அப்போ பாட்டி சொன்னது சரியா? அவசரப்பட வேண்டாம். இது எலிகளில், சில நாள்களே நீடிக்கும் தொற்றில் கண்டது. ரெண்டு நாள் பசி இல்லாமல் கஞ்சி குடிப்பது வேறு. மாதக்கணக்கில் உடலைக் கரைக்கும் காசநோயில் பட்டினி கிடப்பது வேறு. காசநோயில் எடை குறைவது எப்போதுமே கெட்ட செய்தி.

சுகர் மாத்திரை காசநோய்க்கு மருந்தாகுமா?

எரிபொருள் பாதையை மாற்றினால் எதிர்ப்பும் மாறும் என்றால், அதை மருந்தால் செய்யலாமே? சர்க்கரை நோய்க்கு உலகமே சாப்பிடும் மெட்ஃபார்மின் மாத்திரை, எலிகளில் காசநோய்க் கிருமியைக் கட்டுப்படுத்த உதவுகிறது என்று 2014இல் சிங்கப்பூரில் கண்டறிந்தார்கள்.

தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இதை மனிதர்களில் சோதித்தது. வழக்கமான காசநோய் மருந்துகளோடு சிலருக்கு மெட்ஃபார்மினும் தரப்பட்டது. 322 பேர் பங்கேற்ற இந்த ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. சளியில் கிருமி மறையும் வேகம் கூடவில்லை. ஆனால் அழற்சி குறைந்தது, நுரையீரல் சேதம் சீக்கிரம் சரியானது எக்ஸ்ரேயில் தெரிந்தது. கிருமியைக் கொல்ல உதவாத ஒரு மாத்திரை, உடலின் எதிர்வினையைப் பக்குவப்படுத்தியிருக்கிறது. சிகிச்சையில் சேர்க்கும் அளவுக்கு இது இன்னும் வரவில்லை. அதனால் வீட்டில் இருக்கும் சுகர் மாத்திரையை யாரும் சொந்தமாக முயன்று பார்க்கக் கூடாது.

'சுகர் இருக்கு, சோத்தக் குறைங்க', 'டி.பி. இருக்கு, நல்லா சாப்பிடுங்க'

சர்க்கரையும் காசநோயும் சேர்ந்து வந்த வீட்டில் உண்மையான திண்டாட்டம் இதுதான். ஒரு டாக்டர் குறைக்கச் சொல்கிறார், இன்னொருவர் கூட்டச் சொல்கிறார். பலர் பயந்துபோய் சாப்பாட்டை வெட்டிவிடுகிறார்கள். எடை இறங்குகிறது.

எடை குறைவாக இருக்கும் நோயாளி, சுகரைக் குறைப்பதற்காகப் பட்டினி கிடக்கக் கூடாது. சாப்பாட்டின் அளவைவிட அதன் வகையை மாற்றுவது முக்கியம். வெள்ளைச் சோற்றின் பங்கு கொஞ்சம் குறைந்து, முட்டை, பருப்பு, சுண்டல், நிலக்கடலை, பால், தயிர், மீன், கறி, காய்கறி ஆகியவற்றின் பங்கு கூட வேண்டும். அதற்கு மேல் ஏறும் சர்க்கரையை மருந்தால் அல்லது இன்சுலினால் கட்டுப்படுத்த வேண்டியது டாக்டரின் பொறுப்பு. சிலருக்குத் தற்காலிகமாக இன்சுலின் தேவைப்படும். 'ஊசி போட்டா ஆயுசுக்கும் போடணும்' என்று மறுப்பது இந்த நேரத்தில் ஆபத்து.

கவனிக்க வேண்டியவை

- இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், காரணமில்லாத எடை இழப்பு இருந்தால் சளிப் பரிசோதனை அவசியம். அரசு மருத்துவமனைகளில் இலவசம். சர்க்கரை நோயாளிகள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.
- காசநோய் உறுதியானால் சுகர் டெஸ்ட் கட்டாயம். தொற்றின் அழுத்தத்தால் மட்டுமே சுகர் ஏறியிருக்கவும் கூடும். எனவே சிகிச்சையின் நடுவிலும் முடிவிலும் மறுபடி பாருங்கள்.
- காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின், சில சுகர் மாத்திரைகளின் வீரியத்தைக் குறைக்கும். இரண்டு டாக்டர்களிடமும் இரண்டு மருந்துச் சீட்டுகளையும் காட்டுங்கள்.
- மாதம் ஒருமுறை எடை பார்த்து எழுதி வையுங்கள். எடை ஏறாவிட்டால் உடனே சொல்லுங்கள்.
- வீட்டில் இருப்பவர்களுக்கும் பரிசோதனை, தேவையானால் தடுப்பு மருந்து உண்டு. அவர்களின் சாப்பாடும் முக்கியம்.
- சிகிச்சைக் காலத்தில் உணவுக்காக மத்திய அரசு தரும் உதவித்தொகை 2018இல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கி, 2024 நவம்பரில் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வங்கிக் கணக்கில் நேரடியாக வரும். வராவிட்டால் கேட்டுப் பெறுங்கள்.
- புகைப்பதை நிறுத்துங்கள். சந்தேகங்களுக்கு இலவச உதவி எண்: 1800-11-6666.

உலகில் காசநோய் வருவோரில் சுமார் நான்கில் ஒருவர் இந்தியர். மருந்து இலவசம், பரிசோதனை இலவசம், ஆனாலும் நோய் அடங்க மறுக்கிறது. கிருமியை மட்டும் பார்த்தால் இந்தக் கணக்கு பிடிபடாது. கிருமி நுழையும் உடலின் அடுப்பில் என்ன எரிகிறது, எவ்வளவு எரிகிறது என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது. அதைப் பார்க்கப் பெரிய கருவிகள் எதுவும் வேண்டாம், ஒரு எடை மெஷினும் ஒரு சுகர் டெஸ்ட்டும் இருந்தால் போதும்.